வாயுவை அமுக்கினால் சூடாகுமா, குளிருமா?

கூழாங்கல் எழுதியது:

வாயு விதிகள் மூன்றையும் அடுத்தடுத்துப் படித்து முடித்தேன். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது. சேர்த்து வைத்தால் சிக்கிக்கொள்கிறேன்.

அழுத்தம் கூடினால் கனஅளவு குறையும் என்கிறது பாயில் விதி. கனஅளவு குறைந்தால் வெப்பநிலையும் குறைந்திருக்கும் என்கிறது சார்லஸ் விதி. இரண்டையும் கோத்தால், அழுத்தம் கூடும்போது வாயு குளிர வேண்டும். ஆனால் கே-லூசாக் விதியோ அழுத்தம் கூடினால் வெப்பநிலையும் கூடும் என்று நேர்மாறாகச் சொல்கிறது. சைக்கிள் பம்பால் காற்றடித்துவிட்டு அதன் அடிப்பகுதியைத் தொட்டால் சுடவும் செய்கிறது. அப்படியானால் கே-லூசாக் விதி மட்டும்தான் சரியா? மற்ற இரண்டும் எங்கே வழுக்குகின்றன?

சூத்திரத்தில் எண்களைப் போட்டால் விடை வருகிறது. எந்தச் சூத்திரத்தை எடுப்பது என்பதுதான் என் கேள்வி.

கரும்பலகை எழுதியது:

மூன்று விதிகளுக்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. மனப்பாடம் செய்யும்போது முதலில் உதிர்ந்துபோவது அதுதான். 'வெப்பநிலை மாறாதிருக்கும்போது' என்று தொடங்குகிறது பாயில் விதி. 'அழுத்தம் மாறாதிருக்கும்போது' என்பது சார்லஸ் விதியின் நிபந்தனை. 'கனஅளவு மாறாதிருக்கும்போது' என்பது மூன்றாவதன் நிபந்தனை. வாயுவின் அளவு, அதாவது மூலக்கூறுகளின் எண்ணிக்கை, மூன்றிலும் மாறக்கூடாது.

இப்போது உங்கள் வாதத்தை மறுபடி பாருங்கள். முதல் வரியில் பாயில் விதியை எடுத்த கணமே வெப்பநிலை மாறவில்லை என்று ஒப்புக்கொண்டீர்கள். அடுத்த வரியில் வெப்பநிலை குறையும் என்கிறீர்கள். விதிகள் முட்டிக்கொள்ளவில்லை, ஒரே நிகழ்வின் மீது ஒத்துவராத இரண்டு நிபந்தனைகள் ஏற்றப்பட்டிருக்கின்றன.

சூத்திரத்தைத் தொடுவதற்கு முன் என் மாணவர்களை இரண்டு கேள்விகள் கேட்கச் சொல்வேன். எது மாறாமல் இருக்கிறது? அதை மாறாமல் பிடித்து வைத்திருப்பது எது? முதல் கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்பவர்கள் குறைவு, விடை இருப்பதோ அங்கேதான். கனஅளவைப் பிடித்து வைப்பது கெட்டியான சுவர். அழுத்தத்தைப் பிடித்து வைப்பது தடையின்றி நகரும் பிஸ்டனும் அதன் மேல் இருக்கும் வளிமண்டலமும். வெப்பநிலையைப் பிடித்து வைப்பது சுற்றுப்புறம். ஆனால் அதற்கு அவகாசம் வேண்டும். சுவர் வழியாக வெப்பம் வெளியேறவோ உள்ளே வரவோ நேரம் கிடைத்தால்தான் வாயுவின் வெப்பநிலை சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போகும்.

பம்பை வேகமாக அழுத்தும்போது மூன்றில் எதையும் எதுவும் பிடித்து வைக்கவில்லை. கனஅளவு குறைகிறது, அழுத்தம் ஏறுகிறது, வெப்பநிலையும் ஏறுகிறது. ஆகவே மூன்று விதிகளில் எதுவும் தனியாக அதற்குப் பொருந்தாது. நீங்கள் அதை மூன்றாவது விதிக்குச் சான்றாகக் காட்டவும் முடியாது.

எப்போதும் துணைக்கு வருவது ஒன்றுதான்: குறிப்பிட்ட அளவு வாயுவுக்கு, அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கித் தனிவெப்பநிலையால், அதாவது செல்சியஸோடு 273ஐக் கூட்டினால் வரும் கெல்வின் எண்ணால், வகுத்தால் வருவது மாறிலி. ஆனால் மூன்றும் மாறும் இடத்தில் இந்த ஒரு சமன்பாடு போதாது. வெப்பம் உள்ளே வந்ததா, வெளியே போனதா என்ற செய்தியும் தேவை.

கூழாங்கல் எழுதியது:

நன்றி ஐயா. நிபந்தனையைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பது புரிகிறது. ஆனால் வெப்பம் எங்கிருந்து வந்தது? பம்பை யாரும் அடுப்பில் வைக்கவில்லை. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று உரசிக்கொள்வதால் சூடாகிறது என்று ஒருவர் சொன்னார். அது சரியா?

கரும்பலகை எழுதியது:

உரசல் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், ஆனால் தவறு. மூலக்கூறுகள் மோதிக்கொள்ளும்போது ஆற்றல் கைமாறுமே தவிர, மொத்தத்தில் கூடாது, குறையாது. அறை வெப்பநிலையில் நைட்ரஜன் மூலக்கூறுகள் நொடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டும் மோதிக்கொண்டும்தான் இருக்கின்றன. மோதலே சூடாக்கும் என்றால் மூடிய அறையின் காற்று தானாகவே கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சூடு வருவது பிஸ்டனிலிருந்து. நிற்கும் சுவரில் மோதும் மூலக்கூறு வந்த வேகத்திலேயே திரும்பும். தன்னை நோக்கி வரும் பிஸ்டனில் மோதினால், வீசிய மட்டையில் பட்ட பந்தைப் போல, வந்ததைவிடக் கூடுதல் வேகத்தோடு திரும்பும். மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலைத்தான் வெப்பநிலை என்கிறோம். ஆகவே நீங்கள் கையால் செய்த வேலை அப்படியே வாயுவின் வெப்பநிலையாக ஏறுகிறது. பிஸ்டன் பின்வாங்கினால் இதற்கு நேர் எதிர்: மூலக்கூறுகள் வேகம் இழந்து திரும்பும், வாயு குளிரும்.

இதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. ஜூல் 1845இல் இரண்டு கலங்களை ஒரு குழாயால் இணைத்து, ஒன்றில் அழுத்தப்பட்ட காற்றும் மற்றொன்றில் வெற்றிடமும் வைத்து, இடையிலிருந்த குழாயைத் திறந்துவிட்டார். காற்று விரிந்தது. கலங்களைச் சூழ்ந்திருந்த நீரின் வெப்பநிலையில் அவரால் மாற்றம் எதையும் காண முடியவில்லை. விரிவது மட்டுமே குளிர்விக்காது. எதையாவது தள்ளிக்கொண்டு விரிந்தால்தான் குளிர்விக்கும். வெற்றிடத்தில் தள்ளுவதற்கு ஒன்றுமில்லை.

எண்ணாகவும் பார்த்துவிடலாம். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் காற்றை மெதுவாகப் பாதிக் கனஅளவுக்கு அமுக்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகும், வெப்பநிலை 20இலேயே நிற்கும். அதையே வெப்பம் தப்பிக்க நேரம் கொடுக்காமல் அமுக்கினால் அழுத்தம் 2.64 மடங்காகும், வெப்பநிலை 113 டிகிரியைத் தொடும். அதே வாயு, அதே கனஅளவு மாற்றம், இரண்டு விடைகள். வேறுபாடு வேகத்தில் இருக்கிறது.

டீசல் என்ஜின் இதை வைத்துத்தான் ஓடுகிறது. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக ஒரு நொடியின் சிறு பகுதியில் நெருக்கும்போது, வெப்ப இழப்பைத் தள்ளிவைத்துக் கணக்கிட்டால், வெப்பநிலை 600 டிகிரியைத் தாண்டுகிறது. தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொள்கிறது.

அழுத்தமானி எழுதியது:

உயர் அழுத்த சிலிண்டர்களில் வாயு நிரப்பும் வேலை எனக்கு. கரும்பலகை சொல்வதை நாங்கள் தினமும் கையால் தொட்டு உணர்கிறோம்.

சிலிண்டரை வேகமாக நிரப்பினால் அதன் தோள்பகுதி கையில் சூடாகத் தெரியும். உள்ளே ஏற்கெனவே இருந்த வாயுவைப் புதிதாக வருவது நெருக்குகிறது. அந்த வேலை வெப்பமாகிறது. மானி 200 பார் (ஒரு பார் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) காட்டும்போது நிறுத்திவிட்டுப் போய் வேறு வேலை பார்த்துவிட்டு வந்தால் முள் இறங்கியிருக்கும். புதியவர்கள் வால்வு கசிகிறது என்று சோப்பு நீரை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். கசிவு ஒன்றுமில்லை. உள்ளே 50 டிகிரியில் இருந்த வாயு 20 டிகிரிக்கு ஆறியிருக்கிறது, அவ்வளவுதான். சிலிண்டரின் கனஅளவு மாறாது, வால்வை மூடிவிட்டதால் வாயுவின் அளவும் மாறாது. தனிவெப்பநிலை 323இலிருந்து 293க்கு இறங்கினால் 200 பார் ஏறத்தாழ 180 ஆகத்தான் வேண்டும். இங்கே கே-லூசாக் விதி நன்றாகப் பொருந்துகிறது. நிரப்பும்போது பொருந்தாது, மூடிய பிறகு பொருந்தும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உயிர் தொடர்பானது. ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வைச் சட்டென்று திறக்கக் கூடாது. திறந்தால் ரெகுலேட்டருக்குள் தேங்கியிருக்கும் வாயுவின் மேல் 200 பார் ஒரே அடியாக வந்து மோதும். வெப்பம் துளியும் வெளியேறாது என்று வைத்துக் கணக்கிட்டால் அந்தச் சிறிய இடத்தின் வெப்பநிலை 1000 டிகிரியைக் கடக்கும். உலோகச் சுவர் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே கொஞ்சம் எண்ணெயோ கிரீஸோ ஒட்டியிருந்தால், தூய ஆக்சிஜனில் அது பற்றிக்கொள்ள நேரம் ஆகாது. அதனால்தான் ஆக்சிஜன் இணைப்புகளில் எண்ணெய் படக்கூடாது, வால்வை மெல்லத் திருக வேண்டும் என்று இரண்டு விதிகளையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறோம். மெல்லத் திறந்தால் வெப்பம் வெளியேற நேரம் கிடைக்கிறது.

மறுபக்கம் எழுதியது:

எல்லோரும் எண்களைச் சரியாகப் போடுகிறீர்கள், ஆனால் எந்த எண்ணைப் போட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை. கேள்வி கேட்டவர் தடுமாறப்போகும் அடுத்த இடம் அதுதான்.

டயர் மானி 20 டிகிரியில் 32 பிஎஸ்ஐ காட்டுகிறது. ஓடிச் சூடாகி உள்ளே 50 டிகிரி ஆகிறது. புதிய அழுத்தம் எவ்வளவு? செல்சியஸ் எண்களை அப்படியே விகிதத்தில் போட்டால் 80 பிஎஸ்ஐ வரும். அப்படி ஏறினால் சாலையில் ஒரு டயரும் தங்காது. கெல்வினுக்கு மாற்றி, 32ஐ 323ஆல் பெருக்கி 293ஆல் வகுத்தால் 35.3 வரும். பார்ப்பதற்குச் சரிபோலத் தோன்றும், அதுவும் தவறு. மானி காட்டுவது வளிமண்டலத்தைவிட எவ்வளவு கூடுதல் என்பதை மட்டும். டயருக்குள் இருக்கும் முழு அழுத்தம் 32உடன் வளிமண்டலத்தின் 14.7ஐக் கூட்டி 46.7. அது 51.5 ஆகிறது. மறுபடி 14.7ஐக் கழித்தால் மானி காட்டப்போவது 36.8. இதுதான் விடை.

காற்றில்லாத டயரில் மானி சுழியம் காட்டும்; உள்ளே வெற்றிடம் என்றா பொருள்? செல்சியஸின் சுழியமும் அப்படித்தான். நீர் உறையும் இடத்தில் மூலக்கூறுகள் நின்றுவிடவில்லை. இரண்டு அளவுகோல்களிலும் சுழியம் நம் வசதிக்காக வைக்கப்பட்டது. விகிதம் போட வேண்டுமானால் இயற்கையின் சுழியத்திலிருந்து எண்ண வேண்டும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மறுபக்கம் குறிப்பிட்ட அந்தச் சுழியத்தை வாயுக்களே காட்டிக்கொடுத்தன என்பது எனக்குத் தீராத வியப்பு. அழுத்தம் மாறாமல் வாயுவைச் சூடாக்கினால் ஒரு டிகிரிக்கு எவ்வளவு விரிகிறது என்பதை கே-லூசாக் 1802இல் வெளியிட்டார். சார்லஸ் 1787 வாக்கிலேயே இதைக் கண்டிருந்தும் அச்சிடவில்லை. அவருடைய பங்கைச் சொன்னவர் கே-லூசாக்தான். சுழியம் டிகிரியில் உள்ள கனஅளவில் ஏறத்தாழ 267இல் ஒரு பங்கு என்ற எண் அப்போது கிடைத்தது. பின்னர் ரென்யோ மிகுந்த கவனத்தோடு அளந்து 273இல் ஒரு பங்கு என்று திருத்தினார். வெப்பநிலைக்கு ஏற்பக் கனஅளவு மாறுவதை வரைபடமாக்கி, அந்தக் கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால் எந்த வாயுவானாலும் மைனஸ் 273.15 டிகிரி அருகே கனஅளவு சுழியமாகிறது. அந்த வெப்பநிலையை யாரும் தொட்டதில்லை, வாயு அதற்கு முன்பே திரவமாகிவிடும். இருந்தும் கோடு சுட்டுகிற இடம் உண்மையானது.

பாயில் செய்ததையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். 1662இல் வெளியான அட்டவணை அது. கீழே வளைந்து மேலே திரும்பும் கண்ணாடிக் குழாய். குட்டைக் கை மூடியிருக்கும், நெட்டைக் கை திறந்திருக்கும். குட்டைக் கையில் சிறைப்பட்ட காற்று 12 அங்குலம். கால் அங்குலத்துக்கு ஒரு கோடு என்பதால் 48 பிரிவுகள். நெட்டைக் கையில் பாதரசத்தை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். தொடக்கத்தில் காற்றின் மேல் இருந்தது வளிமண்டலம் மட்டும். பாதரசக் கணக்கில் ஏறத்தாழ 29⅛ அங்குலம். காற்று 24 பிரிவாகச் சுருங்கியபோது மொத்த அழுத்தம் 58 13/16 அங்குலம். 12 பிரிவானபோது 117 9/16. பெருக்கிப் பாருங்கள்: 1398, 1411.5, 1410.75. பதினேழாம் நூற்றாண்டின் கண்ணாடிக் குழாயில், ஒரு சதவீதத்துக்குள் ஒத்துப்போகிறது!

கரும்பலகையின் கேள்வியை இங்கே கேட்டுப் பார்த்தேன். வெப்பநிலையைப் பிடித்து வைத்தது எது? பாதரசத்தைச் சிறிது சிறிதாக ஊற்றுகிறார்கள், கோட்டைப் படிக்கிறார்கள், எழுதுகிறார்கள். அந்த இடைவெளியில் கண்ணாடியும் பாதரசமும் அறையும் காற்றை ஆற்றிவிடுகின்றன. வேகமாக நெருக்கும் ஒரு கருவியில் இதை அளந்திருந்தால் அந்தப் பெருக்குத்தொகை ஒவ்வொரு படியிலும் கூடிக்கொண்டே போயிருக்கும், விதியும் கண்ணில் பட்டிருக்காது.

முத்துக்குளி எழுதியது:

ஆழ்கடலில் மூழ்குபவர்களுக்குப் பாயில் விதிதான் முதல் பாடம். பத்து மீட்டர் கடல்நீர் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். மேற்பரப்பில் 1, பத்து மீட்டரில் 2, இருபதில் 3, முப்பதில் 4. நுரையீரலில் இருக்கும் காற்றின் வெப்பநிலையை உடலே பிடித்து வைத்திருக்கிறது, ஆகவே நிபந்தனை நிறைவேறுகிறது.

புதியவர்கள் ஆழத்தைக் கண்டு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியது மேற்பரப்பை ஒட்டிய நீருக்கு. நாற்பதிலிருந்து முப்பது மீட்டருக்கு ஏறும்போது அழுத்தம் 5இலிருந்து 4க்கு இறங்குகிறது. காற்று கால் பங்கு விரிகிறது. பத்து மீட்டரிலிருந்து மேலே வரும்போது 2இலிருந்து 1. காற்று இரு மடங்காகிறது. அதே பத்து மீட்டர்தான். பத்து மீட்டர் ஆழத்தில் சிலிண்டரிலிருந்து 6 லிட்டர் மூச்சிழுத்து அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று 12 லிட்டராகப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடமில்லை; திசு கிழியும், காற்றுக் குமிழிகள் ரத்தத்தில் கலக்கும். நீச்சல்குளத்தின் ஆழமே இதற்குப் போதும். எந்நேரமும் மூச்சை அடக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

சிலிண்டர் இல்லாமல் மூச்சடக்கி மூழ்குபவருக்கு இந்த ஆபத்து இல்லை. அவர் மேற்பரப்பில் இழுத்த 6 லிட்டர் முப்பது மீட்டரில் ஒன்றரை லிட்டராகச் சுருங்கி, திரும்பி வரும்போது அதே 6 ஆகும். ஆழத்தில் புதிதாகக் காற்றை இழுப்பவருக்குத்தான் மூலக்கூறுகளின் எண்ணிக்கை மாறுகிறது.

மறுபக்கம் எழுதியது:

முத்துக்குளியின் கடைசி வரியைப் பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். அளவு மாறாதிருத்தல் என்ற நிபந்தனை வெப்பநிலையைவிட அடிக்கடி மீறப்படுகிறது.

ஆனால் எனக்கு இந்த இழையின் மேல் ஒரு குறை இருக்கிறது. நீங்கள் எல்லோரும் பேசுவது நல்லியல்பு வாயு, அதாவது இந்த விதிகளுக்கு முழுமையாகக் கட்டுப்படும் கற்பனை வாயு. அப்படி ஒரு வாயு உலகில் இல்லை. அழுத்தமானி நிரப்பும் 200 பாரில் பாயில் விதி பிசகுகிறது. சமையல் எரிவாயு சிலிண்டரில் விதியே நிற்காது. பாதி வாயு தீர்ந்த பிறகும் உள்ளே அழுத்தம் அதேதான்! மாணவர்களுக்கு முதல் நாளே மெய் வாயுவைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பேன். இல்லாததைக் கற்பித்துவிட்டுப் பிறகு திருத்துவது என்ன முறை?

அழுத்தமானி எழுதியது:

எரிவாயு சிலிண்டரைப் பற்றி நண்பர் சொன்னது சரி, ஆனால் அங்கே விதி தோற்கவில்லை. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம். மேலே உள்ள ஆவியை எடுக்க எடுக்கத் திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. வாயுவின் அளவு மாறாது என்ற நிபந்தனையே இல்லாத இடத்தில் பாயிலைக் குறை சொல்ல முடியாது. கடைசித் துளி திரவம் தீரும் வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும். 20 டிகிரியில் புரொப்பேன் 8 பாருக்குச் சற்று மேல், பியூட்டேன் 2 பாரை ஒட்டி. ஆகவே மானியைப் பார்த்து மிச்சத்தைச் சொல்ல முடியாது, எடை போட வேண்டும். கரியமில வாயு நிரப்பிய தீயணைப்பானும் இப்படித்தான். 20 டிகிரியில் 57 பார் அளவிலேயே நிற்கும், அதையும் எடை போட்டுத்தான் சரிபார்க்கிறோம்.

வேகமாக எடுத்தால் சிலிண்டரின் வெளிப்புறத்தில் பனி படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பனிக்கோடு திரவம் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதையும் காட்டிவிடும். ஆவியாவதற்கான வெப்பத்தைத் திரவம் தன்னிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்ததும் அழுத்தமும் விழுகிறது. வாயு தீர்ந்துவிட்டது என்று நினைப்பார்கள். சற்று நேரம் விட்டால் முள் மறுபடி ஏறும்.

கரும்பலகை எழுதியது:

மறுபக்கத்தின் குறையை நான் ஏற்கவில்லை. ஒரு மாதிரி எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று தெரிந்தால் அது பொய் ஆகாது.

நல்லியல்பு வாயு இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறது: மூலக்கூறுகளுக்கு இடம் வேண்டும், அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன. சாதாரண அழுத்தத்தில் காற்றின் மூலக்கூறுகள் அடைத்துக்கொள்ளும் இடம் மொத்தக் கனஅளவில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைக் கணக்கில் எடுத்தால் விடையில் தெரியாது. 200 பாரில் மூலக்கூறுகள் நெருங்கிவிடுகின்றன, அப்போது தெரியும். காற்றைப் பொறுத்தவரை அங்கேயும் பிழை சில சதவீதம்தான். கரியமில வாயு வேறு மாதிரி. அறை வெப்பநிலையில் அழுத்தி நெருக்கினால் அதன் ஈர்ப்பே அதைத் திரவமாக்கிவிடப் போதுமானது.

இந்த எல்லையை ஆண்ட்ரூஸ் 1869இல் கரியமில வாயுவை வைத்துக் காட்டினார். 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகத் தனியே பிரியாது. நைட்ரஜனுக்கு அந்த எல்லை மைனஸ் 147 டிகிரி. அழுத்தத்தை மட்டும் நம்பி நைட்ரஜனைத் திரவமாக்க முயன்றவர்கள் ஏன் தோற்றார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. 1873இல் வான் டெர் வால்ஸ் இரண்டு திருத்தங்களையும் ஒரே சமன்பாட்டில் சேர்த்தார். 1910இல் நோபல் பரிசு பெற்றார்.

ஆனால் அவருடைய சமன்பாட்டை முதல் நாளே கொடுத்தால் மாணவர் என்ன கற்றுக்கொள்வார்? திருத்தம் எதைத் திருத்துகிறது என்று தெரியாமலே எண்களைப் போடுவார். எளிய விதி எங்கே பிசகுகிறது என்று பார்த்த பிறகுதான் மூலக்கூறுகளுக்குப் பருமன் உண்டு, ஈர்ப்பு உண்டு என்பது அறிவாக மாறுகிறது.

மறுபக்கம் எழுதியது:

வரிசையைப் பற்றி நாம் ஒத்துப்போகப் போவதில்லை. எல்லையைச் சொல்லாமல் விதியைச் சொல்லக் கூடாது என்பதில் நான் உறுதி. நீங்கள் எல்லையோடு சேர்த்துச் சொல்வீர்கள் என்றால் எனக்கு வழக்கில்லை.

கார்முகில் எழுதியது:

வானிலை பற்றிப் படிப்பவர்கள் எல்லோரையும் கூழாங்கல்லின் கேள்வி வேறு உருவில் துரத்தும். சூடான காற்று விரிகிறது. விரியும் காற்று குளிர்கிறது. இரண்டும் பாடத்தில் இருக்கின்றன. எது சரி?

தரையோடு ஒட்டிய காற்று வெயிலில் சூடாகிறது. அதன் அழுத்தத்தைத் தீர்மானிப்பது மேலே நிற்கும் காற்றின் எடை, அது மாறுவதில்லை. வெளியிலிருந்து வெப்பம் வருகிறது, காற்று விரிகிறது. இது சார்லஸ் விதி. விரிந்ததால் இலேசாகி மேலே எழும்புகிறது. இனி கதை மாறுகிறது. உயர உயரச் சுற்றியுள்ள அழுத்தம் குறைகிறது, காற்றுத் திரள் இன்னும் விரிகிறது. ஆனால் இப்போது வெப்பம் தர யாருமில்லை. திரள் மிகப் பெரியது, காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. சுற்றியுள்ள காற்றைத் தள்ளிக்கொண்டு விரியும் வேலைக்குத் தன் சொந்த ஆற்றலைத்தான் செலவிட வேண்டும். ஈரம் திவலையாகாத வரை கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 9.8 டிகிரி குளிர்கிறது. மலையுச்சி சூரியனுக்கு அருகில் இருந்தும் ஏன் குளிர்கிறது என்று கேட்பவர்களுக்கு விடையின் பெரும்பகுதி இதில் இருக்கிறது. ஈரம் மேகமாகத் திரளத் தொடங்கினால் அது வெளிவிடும் வெப்பம் இந்தக் குளிர்ச்சியைக் குறைக்கும். அது தனிப் பாடம்.

கனஅளவு கூடுகிறது என்பது இரண்டு கட்டத்துக்கும் பொது. முதல் கட்டத்தில் வெப்பநிலை ஏறுகிறது, இரண்டாவதில் இறங்குகிறது.

கூழாங்கல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நானே ஒரு கணக்கு அமைத்துக்கொண்டேன், சரிபார்த்துச் சொல்லுங்கள்.

ஹீலியம் நிரப்பிய வானிலை பலூன் தரையிலிருந்து 30 கிலோமீட்டர் உயரத்துக்குப் போகிறது. தரையில் அழுத்தம் 1013 மில்லிபார், வெப்பநிலை 288 கெல்வின். மேலே 12 மில்லிபார், 227 கெல்வின் என்று எடுத்தேன். ரப்பர் இழுபடும், ஆகவே கனஅளவை எதுவும் பிடித்து வைக்கவில்லை. அழுத்தத்தைச் சுற்றியுள்ள காற்று தீர்மானிக்கிறது. பலூன் கட்டப்பட்டிருப்பதால் ஹீலியத்தின் அளவு மாறவில்லை. வெப்பநிலையில்தான் எனக்கு இரண்டு பாதை தெரிகிறது.

ஹீலியம் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கே வந்துவிடுகிறது என்றால் கனஅளவு ஏறத்தாழ 66 மடங்காகிறது. விட்டம் நான்கு மடங்கு. கார்முகில் சொன்ன காற்றுத் திரளைப் போல வெப்பம் பெறாமலே விரிகிறது என்றால் வெப்பநிலை 49 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 224 டிகிரிக்கு, விழுந்துவிடும். கனஅளவு 14 மடங்குதான், விட்டம் இரண்டரை மடங்குக்கும் குறைவு. பலூன் மெல்லிய ரப்பர், மெதுவாக ஏறுகிறது என்பதால் முதல் பாதைதான் உண்மைக்கு அருகில் இருக்கும் என்று நினைக்கிறேன். ரப்பரின் இறுக்கத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

கார்முகில் எழுதியது:

முதல் பாதைதான், தம்பி. நொடிக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் வேகத்தில் ஏறுகிறது. 30 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரத்தில் மெல்லிய ரப்பர் வழியாக வெளிக்காற்று வெப்பம் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. ரப்பரின் இறுக்கத்தால் உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருக்கும், பகலில் வெயில் பட்டு ஹீலியம் கொஞ்சம் கூடுதலாகச் சூடாகவும் செய்யும்; முதல் கணக்குக்கு இரண்டையும் விட்டுவிடலாம். தரையில் ஒன்றரை மீட்டர் விட்டத்தோடு விடப்படும் பலூன் வெடிக்கும் தறுவாயில் ஆறு மீட்டரைத் தொடுகிறது. உன் நான்கு மடங்கோடு ஒத்துப்போகிறது. அந்த விரிவுக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் தரையில் பலூனை விறைப்பாக நிரப்புவதில்லை.